பத்தியம் சொன்னால் போதுமா?



சென்ற இதழில் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்காக ஒரு நாள் உணவு அட்டவணை கொடுத்திருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அதிலிருந்து சில வரிகள்:

"என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் தாயாருக்குச் சர்க்கரை. மருமகனோடு ஒத்துவராமல் மூன்று வருஷமாக ஒரு கடை வாசலில்தான் படுக்கை. உங்கள் அட்டவணையை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். 'இரவே வெந்தயத்தை ஊறப் போட்டு வைக்கவும்' என்று ஆரம்பித்ததும், 'எதுலம்மா ஊறப் போடறது?' என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று அடுத்த இதழில் எழுதுவீர்களா?"

அவசியம் எழுத வேண்டிய விஷயம்தான். அட்டவணை, அடுப்பும் அஞ்சறைப் பெட்டியும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. அவை இரண்டும் இல்லாதவருக்கும் சர்க்கரை வியாதி வரத்தான் செய்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் பேர். இந்த இரண்டு கூட்டத்திலும் ஒருசேர இருப்பவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

வீடு செய்யும் வைத்தியம்

சர்க்கரைக்கு டாக்டர் கொடுப்பது பாதி வைத்தியம்தான். மீதிப் பாதியை வீடு செய்கிறது. இதை நம்மைப் போன்ற இல்லத்தரசிகளை விட நன்றாக அறிந்தவர்கள் யார்?

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை என்றால் என்னென்ன செய்கிறோம்? கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறோம். மாத்திரை போட்ட அரைமணிக்குள் தட்டில் இட்லி வைக்கிறோம். இன்சுலின் குப்பி ஃபிரிஜ் கதவில் இருக்கிறது. சீட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. ராத்திரி நாலு தடவை எழுந்தாலும் பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது. காலில் சின்னக் கொப்புளம் வந்தாலும், "என்னங்க இது?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறாள்.

இதில் எதையும் நாம் வைத்தியம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். கையில் மிஞ்சுவது மாத்திரை அட்டை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போகிறவரைத்தான், "சொன்னபடி கேட்பதில்லை", "அஜாக்கிரதை", "நாக்கைக் கட்டத் தெரியவில்லை" என்று திட்டுகிறோம்.

கீரைக்கார ஆயா

சென்னையில் எங்கள் பக்கத்துச் சந்தையில் கீரை விற்கும் ஓர் ஆயாவை எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். அறுபதைத் தாண்டிய வயசு. புருஷன் போனபின் வாடகை கட்ட முடியாமல் குடிசையைக் காலி செய்தவர். பகலில் கீரைக் கூடையோடு உட்காரும் இடத்துக்குப் பின்னாலேயே, ராத்திரி கடை ஷட்டர் இறங்கியதும் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். நாலு வருஷத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள்.

"டாக்டரு வேளாவேளைக்குச் சாப்புடுன்னாரு கண்ணு. கீர வித்தாத்தான் எனக்கு வேள. விக்காட்டி ஏது வேள?" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவருடைய சாப்பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். காலையில் டீயும் பன்னும். மத்தியானம் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம். 2013-ல் ஆரம்பித்த அந்த உணவகங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் பட்டினிதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குறைந்த காசில் வயிறு நிரம்புவதெல்லாம் அரிசியாகவே அமைந்துவிடுகிறது. கோயில் பிரசாதம் என்றால் சர்க்கரைப் பொங்கல். கல்யாண மண்டபத்தில் மிஞ்சியது என்றால் கேசரியும் ஜாங்கிரியும். யாரோ புண்ணியவதி பிறந்த நாளுக்குக் கொடுத்தால் லட்டு. வேண்டாம் என்று சொன்னால், "பிச்சை எடுப்பதிலும் திமிரா?" என்பார்கள். கொடுப்பதை வாங்கித்தான் தீரவேண்டும் என்கிற நிலையில் இருப்பவருக்குப் பத்தியம் எப்படி நடக்கும்?

மாத்திரை போட்டும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு, ஒருவேளை சாப்பாடு தவறினாலும் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். ஆனால் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான்.

70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை என்கிறார்கள். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், நடை தள்ளாடும், கேட்ட கேள்விக்கு எரிந்து விழுவார்கள், கடைசியில் மயக்கம்.

குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, எரிச்சல்! வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் பதறிப்போய் சர்க்கரைத் தண்ணீர் கரைப்போம். பிளாட்பாரத்தில் ஒருவர் இப்படி இருந்தால் உலகம் என்ன சொல்லும்? "குடிகாரக் கழுதை" என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஆயாவுக்கு அப்படியே நடந்தது. ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் கூடைக்கு மேலேயே சாய்ந்துவிட்டார். "காலையிலேயே ஊத்திக்கிச்சு போல" என்று இரண்டு பேர் சிரித்துக்கொண்டு போனார்களாம். பக்கத்துப் பூக்கடைப் பையன்தான் ஓடிவந்து, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறான். நல்லவேளை, விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. "எங்கம்மாவுக்கும் சுகர் இருக்குது ஆன்ட்டி, அதனால தெரியும்" என்றான் என்னிடம். அவன் வீட்டில் கற்றுக்கொண்டது ஓர் உயிரைக் காப்பாற்றியது.

அதன்பின் ஆயா பயந்துபோய், சாப்பாடு கிடைக்கும் என்று தெரியாத நாளில் மாத்திரையே போடுவதில்லை. சர்க்கரை ஏறியது. ஆஸ்பத்திரியில் "ஒழுங்காக மாத்திரை போடவில்லை" என்று திட்டு வாங்கினார். ஆனால் அவர் செய்தது முட்டாள்தனம் அல்ல. ஒரு ஆபத்துக்குப் பயந்து இன்னொரு ஆபத்தில் கால் வைத்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில்

எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஓர் இடத்துக் குறை அல்ல இது. ஆயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெஞ்சில குந்துனா பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போயிடறாங்க. சீட்டு குடுக்கற பொண்ணு, குளிச்சுட்டு வரக்கூடாதான்னு கேக்குது. எங்க குளிக்கிறது? காசு குடுத்து பாத்ரூம் போனா, கீர வித்த காசுல பாதி அதுக்கே போயிடும்."

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். நமக்கு அது ஒரு காலைப்பொழுது. அவருக்கு ஒரு நாள் வியாபாரம் போச்சு. பிளாட்பாரத்தில் விட்டுவந்த மூட்டை இருக்குமோ இருக்காதோ என்கிற பயம் வேறு. ஒரு தடவை மூட்டையோடு சீட்டும் மாத்திரையும் மழையில் நனைந்து கூழாகிவிட்டன. "சீட்டைக் கூட வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று கேட்டார்களாம். அதன்பின் மூன்று மாதம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள் சகோதரிகளே. அவமானம் மனசை மட்டும் புண்படுத்துவதில்லை, வைத்தியத்தையே நிறுத்திவிடுகிறது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் இலவசம். ஆனால் இலவசமாகக் கிடைப்பதை வாங்கப் போவதற்கும் ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது. நாலு பேர் எதிரில் ஏச்சு வாங்கியவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

அடுத்த முறை நானும் கூடப் போனேன். எந்த மேஜையில் அவரை நிற்க வைத்தார்களோ, அதே மேஜையில் எங்கள் இருவருக்கும் நாற்காலி கிடைத்தது. ஆயா மாறவில்லை, அதே புடவை, அதே கால். பக்கத்தில் கைப்பையோடு ஒருத்தி நின்றாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு இருந்த இளம் டாக்டரம்மாவை மறக்க முடியாது. "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்பதற்கு முன், "ராத்திரி எங்கே படுத்துக்கறீங்க பாட்டி?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் சீட்டையே மாற்றி எழுதினார். சாப்பிடாவிட்டால் மயக்கம் தரும் மாத்திரையை நிறுத்தினார். சாம்பார் சாதம் நிச்சயமாகக் கிடைக்கும் மத்தியான வேளைக்கு மருந்தை மாற்றினார். "சாப்பாடு கையில் வந்தப்புறம் மாத்திரையைப் பிரிங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார். ஒரு கேள்வியை முதலில் கேட்டதால் வந்த வைத்தியம் அது.

இன்சுலின் குப்பிக்கு எங்கே நிழல்?

ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் பாடு இன்னும் கஷ்டம். 1921-ல் கனடா நாட்டு டொரண்டோவில் பான்டிங்கும் அவரோடு உழைத்தவர்களும் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் ஒரு பதினான்கு வயசுப் பையனுக்கு முதல் ஊசி. 1923-ல் அதன் உரிமையை அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். நூறு வருஷத்துக்குப் பிறகு, மருந்து கிடைத்தும் அதை வைத்துக்கொள்ள நிழல் இல்லாதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்கவேண்டும். திறந்து உபயோகத்தில் உள்ள குப்பி, சூடு 25, 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் வரை தாங்கும். நம் ஊர் வெயிலில் தார் ரோட்டு ஓரத்தில் அது நடக்குமா? சூட்டில் வீரியம் குறைந்த மருந்து பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கலாம். போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை குறையாது. "ஊசியே போடுவதில்லை, பொய் சொல்கிறாள்" என்று பேச்சு மட்டும் வரும்.

இதற்கு ஒரு மண்சட்டி உபாயம் உண்டு. பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டியை வைத்து, நடுவில் மணலை நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைத்து வரவேண்டும். குப்பியை பிளாஸ்டிக் பையில் போட்டுச் சின்னச் சட்டியில் வைத்து, ஈரத் துணியால் மூடி, நிழலில் வைக்கலாம். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம்தான். ஃபிரிஜ் அளவுக்குக் குளிராது. கடலோரப் புழுக்கத்தில் இன்னும் சற்றுக் குறையும். ஆனாலும் வெயிலில் கிடப்பதற்கு எவ்வளவோ மேல்.

கால் மரத்துப் போனால்

சர்க்கரை பல வருஷம் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் கெட்டு உணர்ச்சி மரத்துவிடும். செருப்பில்லாமல் நடப்பவருக்குத் தார் சுட்டாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. ஆயாவின் பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு இரண்டு நாள் இருந்திருக்கிறது. ஈ மொய்த்த பிறகுதான் பார்த்தார். தரையில் படுப்பவர்களின் மரத்த விரலை ராத்திரி எலி கடிப்பதும் உண்டு. கேட்கவே கூசுகிறது, ஆனால் டாக்டர்கள் பார்த்திருக்கும் விஷயம்.

இதைப் பற்றி உலகுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர் என்பது தெரியுமா? டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் அங்கே பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுகிறது என்று எல்லாரும் நம்பிய காலம். அப்படியில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுப் பட்டு விரல் போகிறது என்று அவர் காட்டினார். தூங்கும்போது எலி கடிப்பதும் அப்படித்தான் தெரியவந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்! 1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக்குப் போனபின், இங்கே கற்றதையே அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்படுத்தினார்.

நோயாளியின் அழுக்கும் அசட்டையும்தான் காரணம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அவரோ, நோயாளி எங்கே தூங்குகிறார், எதன்மேல் நடக்கிறார் என்று போய்ப் பார்த்தார். அதனால் காரணம் கிடைத்தது. வேலூர்ச் சகோதரியின் கேள்விக்கும் அதுதான் முதல் பதில். எங்கே தூங்குகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி பத்தியம் சொல்ல வேண்டும்.

நம்மால் ஆகக்கூடியவை

வீடு கட்டிக் கொடுப்பது நம்மால் ஆகிற காரியமா? இல்லை. ஆனால் வீடு செய்கிற வேலைகளில் ஒன்றிரண்டை நாம் செய்து கொடுக்கலாம்.

1. மயங்கிக் கிடப்பவரைக் கண்டால்: குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். நினைவு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கக்கூடும். ஆகவே தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

2. சாப்பாடு கொடுப்பதானால்: பலகாரத்துக்குப் பதில் சுண்டல், அவித்த முட்டை, வேர்க்கடலை, மோர், கூட்டோ பொரியலோ சேர்த்த சாதம் கொடுங்கள். அதைவிட முக்கியம் நேரம். தினமும் ஒரு சப்பாத்தி, ஆனால் எட்டு மணிக்கு நிச்சயம் என்றால், அவர் மாத்திரையைப் பயமில்லாமல் போடலாம். என்றைக்கோ கொடுக்கும் விருந்தை விட இது மேல்.

3. சீட்டும் மருந்தும்: ஆஸ்பத்திரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ள ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று கொடுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. மாதக்கணக்கான வைத்தியத்தைக் காப்பாற்றும். இன்சுலின் குப்பியை உங்கள் ஃபிரிஜ்ஜில் வைத்துக் கொடுக்கலாம். கதவுப் பக்கம் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வேண்டாம். உறைந்த இன்சுலினை உபயோகிக்கவே கூடாது.

4. கால்: பழைய செருப்பைத் தானம் செய்யும்போது அளவு பாருங்கள். கடிக்கிற செருப்பு மரத்த காலுக்கு எதிரி. குதிகாலில் வார் வைத்தது நல்லது. எம்.சி.ஆர். செருப்பு என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பை இதற்காகவே செய்கிறார்கள், டாக்டரிடம் கேளுங்கள். காலில் புண் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஞ்சளும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்துபோகும்.

5. தண்ணீர்: பிளாட்பாரத்தில் இருக்கும் பெண்கள், ராத்திரி ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சர்க்கரை ஏறியிருக்கும்போது இது மிகவும் கெடுதல். நீர்ச்சுருக்கும் சிறுநீர்த் தாரையில் கிருமியும் வரும். தெரிந்த பெண்ணாக இருந்தால், "பாத்ரூம் போகணும்னா வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே.

6. கூடப் போவது: மாதம் ஒரு முறை, இரண்டு மணி நேரம். நீங்கள் பேசக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். இரண்டு மூன்று சகோதரிகள் முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. பத்து லட்சம் பேர் உள்ள நகரத்தில் பத்துக் காப்பகங்களாவது இருக்கவேண்டும். அதாவது லட்சம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. 2010-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது அது. சென்னை மாநகராட்சியின் காப்பகங்களில் பெண்களுக்குத் தனியாகவும் உண்டு. உங்கள் ஊர்க் காப்பகம் எங்கே என்று நகராட்சியில் விசாரித்து வையுங்கள். ஆயா போன்றவர்கள் வியாபார இடத்தை விட்டுப் போகத் தயங்குவார்கள். அதற்காகப் பிடிவாதக்காரி என்று சொல்லாதீர்கள். கூடை போனால் பிழைப்பே போச்சு.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதற்கு வைத்த பெயர் 'மக்களைத் தேடி மருத்துவம்'. வீட்டைத் தேடி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆகவே உங்கள் தெருவுக்கு மாத்திரைப் பையோடு வரும் அந்தப் பெண்ணிடம், "முனைக் கடை வாசலில் ஓர் அம்மா இருக்கிறார், அவரையும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று உரிமையோடு சொல்லுங்கள். கதவு எண் இல்லாதவருக்கு நீங்கள் அடையாளம் சொல்வதே ஒரு விலாசம்தான்.

குழந்தைகள் எதிரில் "கிட்டப் போகாதே, அழுக்கு" என்று சொல்லாமல் இருப்பதும் இதில் சேர்த்தி. இன்று அதைக் கேட்கும் பிள்ளைதான் நாளைக்கு டாக்டராகவோ நர்ஸாகவோ அந்த மேஜைக்குப் பின்னால் உட்காரப் போகிறது.

உங்கள் ஊரில் இப்படி யாருக்காவது ஒத்தாசை செய்திருந்தால், என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். உபயோகமானவற்றை அடுத்த இதழ்களில் வெளியிடுவோம். கைப்பையில் சாவிக்கும் சில்லறைக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரைக்கும் இடம் வையுங்கள்.